அமெரிக்கப் படையில் இருந்தவருக்கு வரவேண்டிய பதக்கம்: திருகோணமலையிலிருந்து விண்ணப்பிப்பது எப்படி

அமெரிக்க இராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர் இல்லை. ஆனால் இல்லாமலும் இல்லை. என் மாமா ஒருவர். 83க்குப் பிறகு அமெரிக்கா போனவர், 1988இல் படையில் சேர்ந்தார், 1991 வளைகுடாப் போரில் சவூதிப் பாலைவனத்தில் நின்றார், 1992இல் விடுவிக்கப்பட்டார். இப்போது உவர்மலையில் ஓய்வாக இருக்கிறார். அவருக்குச் சேரவேண்டிய பதக்கங்களில் பாதிக்கு மேல் அவருடைய பதிவில் ஏறவே இல்லை. அதற்கான கடதாசி வேலையை நான்தான் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்து, இதைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. எங்கள் ஊரில் பதக்கம் என்றதும் பலருக்கு நினைவு வருவது, அப்பப்பாவோ அம்மப்பாவோ வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யாட்டில் இருந்த கதைதான். பிரித்தானியக் கடற்படை இங்கே 1957வரை இருந்தது. அந்தக் காலத்துப் பதக்கம் என்றால் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அது வேறு வழி. கீழே உள்ளது முழுக்க அமெரிக்கப் படையினருக்கு.

படி 1: டிடி-214ஐ எடுத்து வாசியுங்கள்

படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் சான்றிதழின் பெயர் டிடி-214. அதில் பல பிரதிகள் உண்டு. கையில் இருப்பது நீளமான பிரதியா என்று பாருங்கள். கீழே ‘மெம்பர்-4’ என்று இருக்கும். குறுகிய பிரதியில் விடுவிப்பு வகை, சேவையின் தன்மை போன்ற விவரங்கள் இருக்காது, ஆகவே பல இடங்களில் அதை ஏற்க மாட்டார்கள்.

மூன்று கட்டங்களை மட்டும் முதலில் பார்த்தால் போதும். 12ஆம் கட்டத்தில் சேவைக் காலமும் வெளிநாட்டுச் சேவையும். 13ஆம் கட்டத்தில் பதக்கங்கள். 18ஆம் கட்டத்தில் குறிப்புகள். மாமாவின் தாளில் 18ஆம் கட்டம் அவர் 1990 டிசம்பரிலிருந்து 1991 ஏப்ரல் கடைசிவரை சவூதி அரேபியாவில் இருந்தார் என்கிறது. ஐந்து கட்டம் மேலே, 13ஆம் கட்டத்துக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை. தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், இராணுவச் சேவை நாடா, சுடும் பயிற்சிக்கான ஒரு பட்டி, அவ்வளவுதான். விடுவிப்பு வரிசையில் நிற்பவனுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். தட்டச்சு செய்யும் எழுதுவினைஞருக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். இப்படித்தான் விடுபடுகிறது.

டிடி-214 தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம், படி 3ஐப் பாருங்கள்.

படி 2: உங்கள் பதக்கம் எந்த வகை?

ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். எல்லாப் பதக்கமும் ஒரே வழியில் வருவதில்லை.

சில பதக்கங்கள் பதிவில் ஏறியிருக்கும், ஆனால் உலோகமாகக் கைக்கு வந்திருக்காது. அதற்குத் திருத்தமே தேவையில்லை, அனுப்பும்படி கேட்டால் போதும். படையாளருக்கு இது பொதுவாக இலவசம்.

சில, குறித்த இடத்தில் குறித்த காலத்தில் இருந்தாலே சேர்பவை. யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை. திகதியை நிரூபித்தால் முடிந்தது.

போரில் காட்டிய வீரத்துக்கோ சிறந்த சேவைக்கோ தரும் பிரோன்ஸ் ஸ்டார் போன்றவை வேறு சாதி. மேலதிகாரி எழுத்தில் சிபாரிசு செய்து, அது மேலிடத்தில் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘எங்கள் கப்டன் தருவதாகச் சொன்னார்’ என்பது கதை, சிபாரிசு அல்ல. பர்ப்பிள் ஹார்ட் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: சிபாரிசு வேண்டாம், ஆனால் காயம் எதிரியால் வந்தது என்பதற்கும் அதற்கு மருத்துவச் சிகிச்சை நடந்தது என்பதற்கும் பதிவு வேண்டும்.

மாமாவின் விடயத்தை வைத்துப் பார்ப்போம். தென்மேற்கு ஆசியச் சேவைப் பதக்கத்துக்கான காலம் 1990 ஓகஸ்ட் 2 முதல் 1995 நவம்பர் 30வரை. அதற்குள் மூன்று படைநடவடிக்கைக் காலங்கள் உண்டு: முதலாவது 1991 ஜனவரி 16இல் முடிகிறது; இரண்டாவது ஜனவரி 17 முதல் ஏப்ரல் 11வரை; மூன்றாவது ஏப்ரல் 12இல் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் நாடாவில் ஒரு சிறிய வெண்கல நட்சத்திரம். டிசம்பரில் போய் ஏப்ரல் கடைசியில் வந்தவருக்கு மூன்றும் சேரும். ஏப்ரல் 10இல் விமானம் ஏறியிருந்தால் இரண்டுதான். ஆகவே ‘91இல் அங்கே இருந்தேன்’ என்று பொதுவாக எழுதினால் போதாது.

அப்புறம் குவைத் அரசு கொடுத்த விடுதலைப் பதக்கம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதை ஏற்றுக்கொண்டது 1995இல். 1992இல் விடுவிக்கப்பட்டவரின் தாளில் அது எப்படி இருக்கும்? யாருடைய பிழையும் இல்லை, ஆனால் கேட்காவிட்டால் தானாக ஏறாது. வளைகுடாப் போரில் இருந்துவிட்டு அதற்கு முன் வெளியே வந்த எல்லோரும் இதை ஒருமுறை பார்க்கலாம்.

நன்னடத்தைப் பதக்கம் இன்னொன்று. இராணுவத்தில் பொதுவாக மூன்று வருடத் தொடர் சேவைக்குக் கொடுப்பது. தண்டனை எதுவும் இல்லாமல் நான்கு வருடம் முடித்தவருக்கு அது இல்லையென்றால், பெரும்பாலும் ஆணைக் கடிதத்தை யாரோ தட்டச்சு செய்ய மறந்திருப்பார்கள்.

படி 3: முழுக் கோப்பையும் வரவழையுங்கள்

எஸ்எஃப்-180 என்ற படிவத்தை இறக்கி அச்சிடுங்கள். இராணுவத்தினரின் பழைய கோப்புகள் மிசூரி மாநிலம் சென் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் படையாளர் பதிவு நிலையத்தில் இருக்கின்றன. எந்தப் படைக்கு எந்த முகவரி என்பது படிவத்தின் கடைசிப் பக்கத்தில் உண்டு. இணையவழியாகவும் கேட்கலாம், ஆனால் அதற்கு அடையாளச் சரிபார்ப்பு வேண்டும். அமெரிக்கத் தொலைபேசி இலக்கம் இல்லாமல் இங்கிருந்து அதோடு மல்லுக்கட்டுவதைவிடத் தபாலில் அனுப்புவது நிம்மதி என்பது என் கருத்து.

டிடி-214 மட்டும் கேட்காதீர்கள். ஆளணிக் கோப்பு முழுவதும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். சான்று கிடைக்கப்போவது அந்தக் கோப்பில்தான்.

பெயர் எழுதும்போது நிதானம். தகப்பன் பெயர் கந்தசாமி, தன் பெயர் சிவராசா என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயர் முதலில் வரும். படையில் சேர்ந்த அன்று எதைக் குடும்பப் பெயராகப் பதிந்தார்களோ தெரியாது. கந்தசாமியாகவும் இருக்கலாம், சிவராசாவாகவும் இருக்கலாம், எழுத்துக்கூட்டல் ஒன்றில் ஓர் எழுத்து குறைந்தும் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழையோ இப்போதைய கடவுச்சீட்டையோ பார்த்து நிரப்ப வேண்டாம். சேவைக் காலத்தில் பதிந்த பெயரையே எழுதி, மற்றப் பெயரைக் குறிப்பாகச் சேருங்கள். ‘மருமகன், நாலு வருஷமும் என்னை அப்பான்ர பேரிலதான் கூப்பிட்டவங்கள்’ என்று மாமா இன்றைக்கும் சிரிப்பார்.

திகதியும் அப்படித்தான். நாங்கள் நாளை முதலில் எழுதுவோம், அவர்கள் மாதத்தை. 03/04/1991 என்று எழுதினால் மார்ச் 4 என்றுதான் வாசிப்பார்கள். மாதத்தைப் பெயராக எழுதிவிடுங்கள்; படிவம் வருடம்-மாதம்-நாள் என்று கேட்டால் அப்படியே கொடுங்கள்.

கையொப்பம் படையாளருடையதாக இருக்க வேண்டும். அவர் காலமாகியிருந்தால் மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளை, சகோதரர் கேட்கலாம், இறப்புச் சான்றிதழோடு. மருமகன், பெறாமகன் என்ற உறவுகளுக்கு அங்கே இடமில்லை. நான் நிரப்பினேன், மாமா கையெழுத்து வைத்தார்.

பழைய ஆட்களுக்கு ஒரு குறிப்பு. 1973 ஜூலை 12இல் அந்த நிலையத்தில் பெரும் தீ. 1960க்கு முன் இராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. அவர்களுக்கு வேறு ஆவணங்களை வைத்துக் கோப்பை மீளக் கட்டிக் கொடுப்பார்கள். எண்பதுகளுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

படி 4: முதலில் படையிடமே கேளுங்கள்

கோப்பு வந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, நேரே பெரிய வாரியத்துக்கு, அதாவது படைப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு, எழுதுவது. வேண்டாம். சாதாரண நிர்வாக வழியில் தீரக்கூடியதை முதலில் அந்த வழியில் தீர்க்க முயற்சிக்காமல் போனால் வாரியம் விண்ணப்பத்தைத் திருப்பிவிடும்.

இராணுவத்தினர் என்றால் கென்டக்கி மாநிலம் போர்ட் நொக்ஸிலுள்ள மனிதவளக் கட்டளையகத்தின் பதக்கப் பிரிவுக்கு எழுதலாம். ஒரு பக்கக் கடிதம் போதும்: இன்ன பதக்கம் விடுபட்டிருக்கிறது, இன்ன தாளில் சான்று இருக்கிறது. இருப்பை வைத்துச் சேரும் பதக்கங்கள் பெரும்பாலும் இந்த மட்டத்திலேயே முடியும். சரி என்று கண்டால் டிடி-215 என்ற திருத்தத் தாள் தருவார்கள்.

சிபாரிசுப் பதக்கம் என்றால் இன்னொரு கதவு உண்டு. கால எல்லை கடந்த சிபாரிசை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் மூலமாகப் பரிசீலிக்கச் சட்டம் இடம் தருகிறது. திருகோணமலையில் இருந்தாலும், அமெரிக்கக் குடிமகனுக்குக் கடைசியாக வாழ்ந்த தொகுதியின் உறுப்பினர் உண்டு. அவருடைய அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

படி 5: மறுத்தால், டிடி-149

இதுதான் படைப் பதிவுத் திருத்த வாரியத்துக்கான விண்ணப்பம். இராணுவத்துக்கு ஒன்று, கடற்படைக்கும் மரைன் படைக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கரையோரக் காவல்படைக்கு ஒன்று என வாரியங்கள் தனித்தனி. உறுப்பினர்கள் சீருடைக்காரர் அல்லர், குடிமக்கள். பெரும்பாலான வழக்குகள் தாள்களை வைத்தே முடிவாகின்றன; நேர்விசாரணை கேட்கலாம், ஆனால் அது உரிமை அல்ல, போனாலும் பயணச் செலவு உங்களுடையது.

இராணுவ வாரியத்தின் விதியில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: வாரியம் புலனாய்வு செய்யும் அமைப்பு அல்ல. உங்களுக்காக அது எதையும் தேடிப் போகாது. பதிவு சரியாகத்தான் இருக்கிறது என்ற அனுமானத்தோடு தொடங்கும். பிழை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரரின் தலையில்.

ஆகவே விளக்கப் பெட்டியில் நாட்டுக்காகப் பட்ட கஷ்டத்தை எழுதி நிரப்ப வேண்டாம். இப்படி எழுதுங்கள்: ‘13ஆம் கட்டத்தில் தென்மேற்கு ஆசியச் சேவைப் பதக்கம், மூன்று வெண்கல நட்சத்திரங்களுடன், சேர்க்கப்பட வேண்டும். சான்று: அதே தாளின் 18ஆம் கட்டம், இணைப்பு 2, 1991 பெப்ரவரிச் சம்பளச் சீட்டு, ஆபத்துப் பிரதேசக் கொடுப்பனவைக் குறிக்கும் வரி.’ பழைய சம்பளச் சீட்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் அந்த மாதத்தில் ஆள் எங்கே நின்றார் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும். மாமா அதையெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தார்; நல்ல காலம்.

பிழையைக் கண்டுபிடித்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். முப்பது வருடம் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். நீதியின் பொருட்டு அந்த எல்லையைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. தாமதத்துக்கான காரணத்தை நேர்மையாக, சுருக்கமாக எழுதுங்கள். எப்போது கண்டுபிடித்தீர்கள் என்ற கேள்விக்கு உண்மையான திகதியையே கொடுங்கள்.

படி 6: சாட்சிக் கடிதங்கள்

கூட இருந்தவர்களின் கடிதம் உதவும், அவர்கள் கண்ணால் கண்டதை எழுதினால். எந்தப் பிரிவு, எங்கே நின்றார், என்ன பார்த்தார். ‘மிக நல்ல மனிதர்’ என்று அயலவர் எழுதும் கடிதம் கோப்பைத் தடிப்பாக்குமே தவிர வேறு பயன் இல்லை.

இங்கே எங்கள் ஆட்களுக்குக் கை பழகிப்போன வேலை ஒன்று உண்டு: கடதாசி என்றதும் சமாதான நீதவானிடம் ஓடிச் சத்தியக் கடதாசி முடிப்பது. இதற்கு அது தேவையில்லை. பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என அமெரிக்கச் சட்டத்தின் கீழ் உறுதிகூறும் வாசகத்தைக் கீழே எழுதி, திகதியிட்டுக் கையொப்பமிட்டாலே சத்தியக் கடதாசிக்குச் சமம். நாட்டுக்கு வெளியே எழுதுபவர், அமெரிக்கச் சட்டங்களின் கீழ் என்ற சொற்களை வாசகத்தில் சேர்க்க வேண்டும். தூதரகத்தில் நொத்தாரிசு முத்திரை ஒன்றுக்கு 50 டொலர். அந்தக் காசு மிச்சம்.

படி 7: அனுப்புவதும் காத்திருப்பதும்

மூலப் பிரதி எதையும் அனுப்ப வேண்டாம், கொப்பி போதும். இணைப்புகளுக்கு இலக்கமிட்டு, முதல் தாளில் பட்டியல் போடுங்கள். அவர்களுடைய படிவங்கள் லெட்டர் அளவு, நம் கடைகளில் இருப்பது ஏ4. அச்சிடும்போது ஓரம் வெட்டுப்படாமல் பாருங்கள். பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முகவரியில் ஸ்ரீலங்கா என்பதைக் கடைசி வரியில் தனியாகப் போட மறக்காதீர்கள்.

வாரியங்கள் பெரும்பாலான வழக்குகளைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இழுக்காமலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதுவரை மாதாமாதம் கடிதம் போட்டுக் கேட்பதால் எதுவும் வேகமாகாது. முகவரி மாறினால் மட்டும் எழுதுங்கள். உதவி தேவையென்றால் அமெரிக்கன் லீஜன் போன்ற படையாளர் சங்கங்கள் காசு வாங்காமல் விண்ணப்பத்தைப் பார்த்துத் தரும். ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கும் முகவர்களிடம் போக அவசியமில்லை.

மறுத்துவிட்டால், வாரியம் முன்பு பார்த்திராத புதிய சான்று கிடைக்கும்போது எப்போது வேண்டுமானாலும் மறுபரிசீலனை கேட்கலாம். பழைய தாள்களையே திரும்ப அனுப்புவது மட்டும் வீண்.

ஒப்புக்கொண்டால் டிடி-215 வரும். அது டிடி-214க்குப் பதிலான தாள் அல்ல. இரண்டையும் சேர்த்தே எங்கும் காட்ட வேண்டும், ஆகவே ஒரே உறையில் வையுங்கள். பதக்கங்கள் தாளோடு வராது, தனிப் பொதியாகப் பிறகு வரும். சுங்கத்தில் பொதியைத் திறந்து கேட்டால் காட்டுவதற்கு டிடி-215இன் கொப்பி ஒன்றைக் கையோடு தபாலகத்துக்குக் கொண்டுபோங்கள்.