மறதி நோய் வந்தவருக்குப் பாட்டுப் பட்டியல் போடுவது எப்படி: ஒரு கேசட் கடைக்காரர் சொல்லும் வழி

சிங்கப்பூரின் தேக்காவில் கேசட் கடை வைத்திருந்தவன் நான். கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போனது, கடையை மூடிவிட்டேன். இப்போது தெரிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாட்டுப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, காப்பி கொடுத்தால் குடிப்பேன். பெரும்பாலும் முதுமை மறதி நோய் வந்தவர்கள், சிலர் பக்கவாதம் வந்தவர்கள். மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வுப்படி, இங்கே 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கிறது. எல்லார் வீட்டுக்கும் நான் போக முடியாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் செய்வது இசைச் சிகிச்சை இல்லை. அது படித்துப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. நோயாளியைப் பார்த்து, இலக்கு வைத்து, எதிரே உட்கார்ந்து பாடியும் வாசித்தும், ஒவ்வொரு அமர்விலும் முன்னேற்றத்தைக் குறித்துக்கொண்டு செய்வார்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வெளியில் ஒருவரை அமர்த்துவதாக இருந்தால் பெயருக்குப் பின்னால் எம்டி-பிசி (அமெரிக்கப் பதிவு) அல்லது ஆர்எம்டி (ஆஸ்திரேலியப் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் இசைச் சிகிச்சைச் சங்கத்திடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். கீபோர்டு வாசிக்கத் தெரிந்த எல்லாரும் சிகிச்சையாளர் இல்லை. நானும் இல்லை.

வாட்ஸ்அப் ராகப் பட்டியலை அழித்துவிடுங்கள்

இந்த ராகம் கேட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், அந்த ராகம் கேட்டால் சர்க்கரை குறையும் என்று ஒரு பட்டியல் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறிப்பிட்ட ராகம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் கிடையாது. 1993இல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொஸார்ட்டின் இசையைப் போட்டார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு சோதனையில் அவர்கள் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. ஆனால் பத்திரிகைகள் அதைக் குழந்தையின் மூளையை வளர்க்கும் இசையாக ஆக்கிவிட்டன. என் கடையிலும் கர்ப்பிணிகள் வந்து அந்தக் கேசட்டைக் கேட்டார்கள். விற்கத்தான் செய்தேன், வியாபாரம் ஆயிற்றே.

சரி, ஆதாரம் இருப்பது எதற்கு? காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, மறதி நோய்க்கும் இசைக்கும் உள்ள தொடர்பு பற்றிய 22 ஆய்வுகளை, சுமார் 1,100 பேரை, 2018இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. இசை அமர்வுகள் ஐந்துக்குக் குறையாமல் கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது, நடத்தைச் சிக்கல்களும் மொத்தத்தில் கொஞ்சம் குறைந்தன. கத்துவதிலும் அடிப்பதிலும் பெரிய மாறுதல் இல்லை. ஞாபகசக்தி கூடவில்லை. இதை நான் ஒவ்வொரு வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுவேன். பாட்டுக் கேட்டால் அம்மாவுக்கு உங்கள் பெயர் திரும்ப வந்துவிடாது. மாத்திரையை நிறுத்தவும் முடியாது. ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் அவராக இருக்க வாய்ப்பிருக்கிறது.

வருடத்தைக் கண்டுபிடியுங்கள்

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் கேட்டதுதான் மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். என் கணக்கு இன்னும் குறுகல்: பத்து முதல் இருபத்தைந்து வரை. 1942இல் பிறந்தவர் என்றால் 1952 முதல் 1967 வரை வந்த பாட்டுகள். மகன்கள் வந்து, "அம்மாவுக்கு எண்பதுகளின் பாட்டு ரொம்பப் பிடிக்கும்" என்பார்கள். அது மகனுக்குப் பிடித்த பாட்டு. அம்மா அப்போது சமையலறையில் இருந்தார், கூடவே கேட்டார், அவ்வளவுதான்.

லைப்சிக் நகரத்து மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தினர் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குக் காரணம் போலத் தோன்றுகிறது. நெடுங்காலமாகத் தெரிந்த பாட்டைக் கேட்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள், மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் நோயில் மற்ற பகுதிகளைப்போல அத்தனை சீக்கிரம் சேதமடைவதில்லை என்று கண்டார்கள். பேரன் பெயர் மறந்தவர் சரணத்தின் இரண்டாவது வரியைத் தப்பில்லாமல் பாடுவது இதனால்தான் போலும்.

வருடம் தெரிந்தால் போதாது, இடமும் தெரிய வேண்டும். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வாலிபத்தில் வந்து இறங்கியவரா, இங்கேயே பிறந்தவரா? கோயில் பஜனையில் உட்கார்ந்தவரா, சர்ச்சில் பாடியவரா? அங் மோ கியோவில் ஒரு பாட்டி. பக்திப் பாட்டு மட்டும்தான் பிடிக்கும் என்று மகன் ஃபோன் நிறைய ஏற்றி வைத்திருந்தார். பாட்டி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே வளர்ந்தார் என்று கேட்டேன். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பாம், பக்கத்து வீடு மலாய்க்காரர்களாம். பி. ரம்லி பாட்டு ஒன்றைப் போட்டேன். பாட்டியின் வலது கை மடியில் தாளம் போட ஆரம்பித்தது. மலாய்ச் சொற்கள் ஒன்றுகூடப் பிசகாமல் வந்தன. அம்மாவுக்கு மலாய்ப் பாட்டு தெரியும் என்பதே அந்த மகனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தமிழ் முஸ்லிம் வீடு என்றால் நாகூர் ஹனிபாவிலிருந்து தொடங்குவேன். இந்து வீடுகளில் சீர்காழி கோவிந்தராஜன், பொதுவாக எல்லாருக்கும் டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா. இது வாசல்தான். உள்ளே போக அவருடைய தங்கையையோ பழைய பக்கத்து வீட்டுக்காரரையோ பிடியுங்கள். பிள்ளைகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பாட்டைச் சோதிப்பது

"இது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அது பரீட்சை. பதில் தெரியாத பரீட்சையில் யாருக்கும் மனம் சுருங்கும். பேசாமல் போடுங்கள், பல்லவி முடியும்வரை விரல், உதடு, கண் மூன்றையும் பாருங்கள். விரல் அசைந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முகம் திரும்பினால் அடுத்தது. ஓர் உட்காரலில் ஐந்தாறு பாட்டுக்கு மேல் வேண்டாம், களைத்துவிடுவார்கள்.

பழைய அசல் பதிவையே தேடுங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அதே பாடகர் வயதான பிறகு திரும்பப் பாடியது, மேடையில் பாடியது, புது ஆள் கீபோர்டில் பாடியது என்று ஒரே பாட்டுக்குப் பத்து வடிவம் கிடைக்கும். கடையில் அந்த மறுபதிவுக் கேசட்டை வாங்கிப் போன பெரியவர்கள் மறுநாளே திரும்பக் கொண்டுவந்து, "இது அந்தப் பாட்டு இல்லப்பா" என்பார்கள். குரல் வருவதற்கு முன்னால் வரும் அந்த வயலின், அந்தப் புல்லாங்குழல், அதிலேயே அவர்கள் பாட்டைப் பிடித்துவிடுகிறார்கள். அது மாறினால் கதவு திறப்பதில்லை.

அழுகை வந்தால்? பயப்படாதீர்கள், பாட்டைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுதுவிட்டு லேசாகிறார்கள் என்றால் இருக்கட்டும். ஆனால் மூச்சு வேகமாகி, எழுந்து கதவுப் பக்கம் போகிறார்கள், யாரையோ தேடுகிறார்கள் என்றால் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள். இறந்த கணவர், இறந்த பிள்ளை சம்பந்தப்பட்ட பாட்டுகளை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எதில், எவ்வளவு சத்தத்தில்

பத்துப் பன்னிரண்டு பாட்டு போதும். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் அடங்கும், பாட்டுகளும் அந்த அளவுக்கே செய்யப்பட்டன. பத்துப் பாட்டு என்றால் அரை மணி நேரம். அந்த அளவு சரியாக இருக்கிறது.

யூடியூபில் நேராகப் போடாதீர்கள். நடுவில் விளம்பரம் பாய்ந்து வந்தால் மறதி நோய் உள்ளவர் திடுக்கிட்டுப் போவார். தரவிறக்கம் செய்து வையுங்கள், அல்லது விளம்பரம் வராத சந்தா எடுங்கள். தமிழ் வானொலியைக் கேட்டு நானும் வளர்ந்தவன்தான், ஆனால் இந்த வேலைக்கு வானொலி ஒத்துவராது. செய்தியும் போக்குவரத்தும் கலந்து வரும்.

பாட்டு ஓடும்போது சாதாரணக் குரலில் பேசினால் கேட்க வேண்டும், அதுதான் அளவு. டிவியை அணைத்துவிடுங்கள். காது மந்தம் என்றால் சத்தத்தைக் கூட்டுவது தீர்வில்லை, காதைச் சோதித்துக் கருவி வாங்குங்கள். காது கருவிக்கு அரசு மானியம் இருக்கிறது. ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேளுங்கள். காதுக்குள் செருகும் இயர்போன் பல முதியவர்களுக்குப் பிடிப்பதில்லை. சிறிய ஸ்பீக்கரைப் பக்கத்து மேசையில் வையுங்கள்.

எப்போது

லிண்டா கெர்ட்னர் என்ற அமெரிக்கத் தாதி ஆய்வாளர் தொண்ணூறுகளில் ஒரு முறையை வகுத்தார்: ஆள் அமைதி இழந்த பிறகு பாட்டுப் போடாதே, வழக்கமாக அமைதி இழக்கும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போடு. எல்லாரிடமும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன், காக்ரேன் முடிவை மேலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் பலிக்கிற வீடுகளில் இந்த நேரக்கணக்குதான் காரணமாக இருக்கிறது. பலருக்கு மாலை ஆறு மணிக்கு மேல் தொந்தரவு தொடங்கும், "வீட்டுக்குப் போகணும்" என்று வீட்டுக்குள்ளேயே நடப்பார்கள். அப்படியென்றால் ஐந்தரைக்குப் போடுங்கள். குளிக்க மறுக்கிறவர் என்றால் குளியலுக்கு முன்னால்.

நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். ஃபிரிட்ஜ் சத்தம் மாதிரி ஆகிவிடும், யாருக்கும் கேட்காது. முடிந்தால் கூட உட்கார்ந்து நீங்களும் பாடுங்கள். ஆஸ்திரேலியப் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், மறதி நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்தவர்கள் கூட்டாகப் பாடியபோது மனச்சோர்வு குறைந்தது. நம் தேசியப் பல்கலைக்கழகத்தினரும் மறதி நோய் வரும் ஆபத்துள்ள 93 முதியவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு வருடம் வாராவாரம் பாடவைத்துப் பார்த்தார்கள். சுகாதாரப் பேச்சுக் கேட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டதில், அறிவுத்திறனில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. எனக்கு இது ஏமாற்றமாகத் தெரியவில்லை. பேச்சா பாட்டா என்றால் வயதானவர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நோட்டில் தேதி, பாட்டு, போடும் முன் எப்படி, பின் எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். டாக்டரிடம் அதைக் காட்டினால், "பாட்டுக் கேட்டா நல்லா இருக்காங்க" என்று சொல்வதைவிட உதவும்.

பக்கவாதம், பார்க்கின்சன்

என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. தண்ணீர் என்று சொல்ல வராது, பழைய பாட்டின் முதல் வரி வரும். வீட்டில் எல்லாரும் அதிசயம் என்றார்கள். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது, பாட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்கிறது. பாட வந்ததால் பேச்சு தானாக வந்துவிடாது. மெட்டுப் போட்டு, இடக் கையால் தட்டிக்கொண்டே சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லப் பழக்கும் முறை 1973லேயே அமெரிக்காவில் உருவானது. அதைப் பேச்சுச் சிகிச்சையாளர்தான் செய்ய வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கேட்கவைப்பது. ஹெல்சிங்கியில் பக்கவாதம் வந்த 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அவர்களே தேர்ந்தெடுத்த பாட்டைத் தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒலிநூல். 2008இல் வந்த முடிவு: பாட்டுக் கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறின, மனச்சோர்வும் குறைவு. அண்ணனுக்கு நான் செய்தது இதைத்தான்.

பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய் உள்ளவருக்குத் தாளத்துக்கு ஏற்ப நடைப்பயிற்சி தரும் முறையும் நன்றாக நிறுவப்பட்டது. ஆனால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் எண்ணிப் பார்த்துத் தாளவேகத்தை முடிவு செய்ய வேண்டும். நீங்களாகக் குத்துப்பாட்டுப் போட்டு நடக்கவிட்டால் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்.

மருத்துவமனைக்குப் போகும்போது

பட்டியலை ஓர் அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். எந்த நேரம், எந்தப் பாட்டு, எது கூடாது. தாதிக்கும் பணிப்பெண்ணுக்கும் தமிழ் தெரியாமல் இருக்கலாம், பாட்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்துவிட்டால் ஃபோனில் தட்டுவது சுலபம். அறுவைச் சிகிச்சை என்றால் முன்பும் பின்பும் பாட்டுக் கேட்கலாமா என்று வார்டில் கேளுங்கள். 73 ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் இதழில் 2015இல் வந்த கட்டுரைப்படி, பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மாத்திரையும் குறைவாகத் தேவைப்பட்டது. வீடு திரும்பும் நாள் மட்டும் முன்னால் வரவில்லை. ஃபோன், ஹெட்ஃபோன், சார்ஜர் மூன்றிலும் பெயர் ஒட்டிவிடுங்கள். முதலில் காணாமல் போவது சார்ஜர்தான்.