சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனால் குடையை மறக்காதீர்கள்

கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போகிறவர்கள் ஒரு குடை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு அல்ல, அங்குள்ள டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்களைப் படிப்பதற்கு. தேய்ந்துபோன எழுத்தின் மேல் குடை நிழல் விழும்படி பிடித்து, செல்போன் டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல, பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள்.

உச்சி வெயில் நேர் மேலே இருந்து விழுவதால் கல் வெறும் பலகை மாதிரிதான் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் தேங்கும். கண்ணுக்குப் படாத எழுத்து எழும்பி வரும். டச்சு மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆங்கிலத்தில் இருக்கும் அதே எழுத்துகள்தான், பெயரையும் ஆண்டையும் படித்துவிடலாம். காலையிலேயே போய்விட்டால் டார்ச்கூட வேண்டாம், சாய்ந்த வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும்.

முழுக்க உதிர்ந்துபோன கல்லிலும், சுண்ணாம்போ பெயின்டோ அப்பிய கல்லிலும் இது பலிக்காது. அதற்காகச் சாக்பீஸ், கோலமாவு தேய்த்துப் பார்க்க வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். தேய்க்கத் தேய்க்க மிச்சமுள்ள எழுத்தும் போகும்.