எந்தப் பக்கம் திரும்பினாலும் குலையாத பாட்டு: மெய்நிகர் வெளியில் குரலிசை அமைக்கும் முறை

மெய்நிகர் கருவியைத் தலையில் அணிந்தவர் எப்போது எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை இசையமைப்பவர் முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே, கேட்பவரைச் சுற்றி நிற்கும் நான்கு எண்ணிமப் பாடகர்களில் எவர் குரல் முன்னே வந்தாலும் பாட்டு முழுமையாகவே ஒலிக்க வேண்டும். தொடங்குவோருக்கு, ஒலி வேலைக்கு, கொடுக்கும் சுரங்களைக் கணினிக் குரலில் பாடும் ஓப்பன்உட்டாவு, மெய்நிகர் காட்சிகளை உருவாக்கும் யூனிட்டி ஆகிய இரு மென்பொருள்கள் போதும்.

முதலில் சுரங்களைத் தேர்ந்தெடுங்கள். மோகன ராகத்தின் ச, ரி, க, ப, த ஆகிய ஐந்துக்குள் அரைச்சுர இடைவெளி எங்குமே இல்லை என்பதால், குரல்கள் எப்படிச் சேர்ந்தாலும் காதை உறுத்தாது. நிமிடத்திற்கு 60 தட்டு என்ற வேகத்தில், நான்கு தட்டு கொண்ட சுற்றுகள் எட்டு அமைத்தால், துண்டின் நீளம் சரியாக 32 நொடி.

அடுத்து, ஓப்பன்உட்டாவுவில் நான்கு குரல் வங்கிகளை (ஒருவரின் குரல் பதிவுகளின் தொகுப்புகளை) நிறுவுங்கள். அவற்றை உருவாக்கியவர்கள் விதித்த பயன்பாட்டு நிபந்தனைகளை முதலில் படித்துவிடுங்கள். சொற்களைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு உயிரொலிகளை மட்டும் நீட்டிப் பாடவைத்து, ஒவ்வொரு குரலையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். எம்பி3 வேண்டாம்: அதன் இரு முனைகளிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடுவதால், ஒலி முடிந்து மீண்டும் முதலிலிருந்து சுழலும் ஒவ்வொரு முறையும் இடையில் விக்கல் போல் ஓர் இடைவெளி கேட்கும்.

மூன்றாம் படியில்தான் பலரும் தவறுகிறார்கள், நானும் முதலில் தவறினேன். பார்வை படும்போது பாடகரைப் பாடத் தொடங்கவைத்தேன். சில நொடிகளிலேயே நான்கு குரல்களும் தாளம் பிசகிச் சிதறின. யூனிட்டியில் நான்கு ஆடியோ சோர்ஸ்களையும் (ஒவ்வொரு பாடகரின் ஒலியையும் இயக்கும் கூறுகளையும்) பிளேஷெட்யூல்டு கட்டளையால் ஒரே நேரக்குறியில் தொடங்கி, நிறுத்தாமல் சுழலவிடுங்கள். மாற வேண்டியது ஒலியளவு மட்டுமே. ஸ்பேஷியல் பிளெண்ட் என்னும் திசையொலி அமைப்பை 1 என வைத்தால், ஒவ்வொரு குரலும் அந்தப் பாடகர் நிற்கும் திசையிலிருந்தே வரும்.

பாடகர்களின் உருவங்களை, முப்பரிமாண உருவங்களை வடிவமைக்கும் விராய்டு ஸ்டூடியோ என்னும் மென்பொருளில் செய்து, விஆர்எம் என்னும் உருவக் கோப்பாக எடுக்கலாம். அதில் ஜப்பானிய உயிரொலிகளுக்காக வைத்திருக்கும் ஐந்து வாயசைவுகள் நம் அ, இ, உ, எ, ஒ என்னும் குறில்களோடு ஒத்துப்போவதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன்.

இறுதியாக, கேட்பவரின் தலை நோக்கும் திசைக்கும் பாடகர் நிற்கும் திசைக்கும் இடையிலான கோணம் 30 பாகைக்குள் வந்தால், அந்தக் குரலின் ஒலியளவு 0.2இலிருந்து 1 வரை இரண்டு நொடிகளில் உயருமாறும், விலகினால் அதே வேகத்தில் தணியுமாறும் நிரல் எழுதுங்கள். பிறகு செவிப்பொறி அணிந்து, கண்களை மூடிக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். குரல் திடீரெனத் தாவினால் அந்த இரண்டு நொடியை மூன்றாக்குங்கள்.