அலுமாரிக்குள் கிடக்கும் பழைய கமராவை வெளியே எடுங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ சித்தப்பாவோ விட்டுப்போன பழைய டிஜிற்றல் கமரா ஒன்று யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளுக்குள் கிடக்கிறது. போன் வந்தபிறகு அதை யாரும் தொடுவதில்லை. என்னுடையதும் அப்படி வந்ததுதான்: நிக்கோன் டி40, லென்ஸைக் கழற்றி மாற்றும் வகை, 2006இல் வெளிவந்தது, 6 மெகாபிக்சல். அதை வைத்துத்தான் கொக்கையும் எடுக்கிறேன், பனங்கூடலையும் எடுக்கிறேன், ஊரிலுள்ள வயதானவர்களின் முகங்களையும் எடுக்கிறேன். 6 மெகாபிக்சல் காணுமா என்று எல்லோரும் கேட்பார்கள். படத்தின் அகலம் 3008 புள்ளி, உயரம் 2000 புள்ளி. 12 அங்குல அகலத்தில் பிரிண்ட் போட்டாலும் அங்குலத்துக்கு 250 புள்ளி வருகிறது. தாராளமாகக் காணும்.

சரி, முதலில் கமராவைத் தயார்ப்படுத்துவோம். பல வருடம் சும்மா கிடந்த பற்றரி சார்ஜ் பிடிக்காது, ஊதிப்போயிருந்தால் சார்ஜரில் போடவே வேண்டாம், அதே இலக்கத்தில் புதிதாக ஒன்று வாங்குங்கள். படத்தைச் சேமிக்கும் மெமரி கார்ட்டில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். கடையில் 64 ஜிபி கார்ட்டை நீட்டுவார்கள், அது இந்தக் கமராவுக்குப் பிறகு வந்த வகை, டி40 32 ஜிபி வரைதான் ஏற்கும், அதைவிடப் பழைய சில கமராக்கள் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. 8 ஜிபி கிடைத்தால் வாங்கி, கணினியில் இல்லாமல் கமராவுக்குள்ளேயே போட்டு போர்மற் செய்யுங்கள்.

பிறகு லென்ஸைக் கழற்றி ஒரு பக்கத்தால் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். எங்கள் ஊரின் உப்புக் காற்றும் மாரி ஈரமும் அதற்கு நல்ல விளைநிலம். கொஞ்சமாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது, வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் படம் வெளிறும். தோல் பையில் போட்டு அலுமாரியில் வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு வழி. இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். படத்தைப் பதியும் சென்சரில் தூசி இருக்கிறதா என்று அறிய, லென்ஸின் துவாரத்தை எஃப்16 என்று சின்னதாக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், சாம்பல் பொட்டுகள் தெரிந்தால் காற்றடிக்கும் ரப்பர் குமிழால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டிவிடும்.

இனி வெளிச்சம். பழைய சென்சருக்கு இரண்டு பலவீனம். வெளிச்சத்துக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 800க்கு மேல் ஏற்றினால் படம் மணல் மணலாகிவிடும், கடும் வெயிலில் வெள்ளை நிறம் ஒரேயடியாக எரிந்துபோகும். எரிந்த வெள்ளையைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, இருட்டை ஓரளவு தூக்கலாம். அதனால் நான் ஐஎஸ்ஓவை 200இலோ 400இலோ வைத்துக்கொண்டு, டயலை ஏ என்பதில் விட்டு (துவாரத்தை நான் தெரிவேன், ஷட்டர் வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும்), எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, எப்போதும் கொஞ்சம் குறைத்தே எடுப்பேன். கமராவின் எக்ஸ்போஷர் அளவுகோலில் சாதாரண வெயிலுக்கு 0.7 குறைவு, கருந்தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு முழுதாக 1 குறைவு. இருண்ட தண்ணீரைப் பார்த்துக் கமரா படத்தை வெளிச்சமாக்கப் பார்க்கும், அந்த நேரம் கொக்கின் இறகுகளெல்லாம் ஒரே சுண்ணாம்புத் திட்டாகிவிடும். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்து டார்க்டேபிள் என்ற மென்பொருளில் திருத்துங்கள், அது இலவசம்.

நேரத்தைத் தெரிவதுதான் பாதி வேலை. நாங்கள் பூமத்திய ரேகைக்கு அண்டி இருப்பதால் மத்தியான வெயில் உச்சந்தலையில் விழுகிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ற் கடைசியிலும் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த வெயிலில் மனிதரை எடுத்தால் கண் இரண்டும் குழியாகக் கறுத்துப்போகும். காலை 8 மணிக்குள், பின்னேரம் நாலரைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் விழுந்தால் அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும், அதனால் இடத்துக்கு வெள்ளனவே போய்விட வேண்டும். நல்லூர்த் திருவிழா போல மத்தியானம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் கமராவிலுள்ள சின்ன பிளாஷைத் திறந்து முகத்துக்கு அடியுங்கள். வெயிலுக்கு ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும், டி40இன் பிளாஷ் 1/500 செக்கன் ஷட்டர் வேகம் வரை வேலை செய்யும், பல புதிய கமராக்களில் 1/200, 1/250இலேயே நின்றுவிடுகிறது.

பறவைக்கு யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகும் றோட்டைப் போல வசதியான இடம் இல்லை. காலையில் மேற்குப் பக்கத்துத் தண்ணீரைப் பார்த்து நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில் இருக்கும், பறவையின் முகத்தில் விழும். சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே அசையாமல் பத்து நிமிடம் இருந்தால், எழும்பிப் பறந்த கொக்கு தானாகத் திரும்பி வரும். மாரியோடு வரும் பூநாரைக் கூட்டத்தைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், ஒன்று கலைந்தால் எல்லாம் கலையும், தூரப் பயணம் செய்து இரைதேட வந்தவை அவை. தூரத்தைக் கிட்டக் காட்டும் 200 எம்எம் லென்ஸிலும் சின்னதாகத்தான் தெரியும். தெரியட்டும், பரவைக் கடலையும் வானத்தையும் சேர்த்து எடுத்தால் அந்தச் சின்ன இளஞ்சிவப்புக் கோடே படத்துக்கு அழகு. இராணுவ முகாம்கள், சோதனைச் சாவடிகள் பக்கம் மட்டும் கமராவைத் திருப்ப வேண்டாம்.

பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் கோடையில் முற்றத்து முருங்கைக்குக் கீழே ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி இருந்து பாருங்கள். முதலில் புலுனிகள் கூட்டமாக வரும், பிறகு மைனா. மூன்று நாளில் உங்களைப் பழகிவிடும். மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போனால் சரிந்த வெயிலில் மணலின் வரிகள் அற்புதமாக விழும், ஆனால் அங்கே லென்ஸைக் கழற்றவே கூடாது.

மனிதர்களை எடுப்பதற்கு எனக்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. 1995இல் போரால் ஊரே வெளியேறிய இடப்பெயர்வோடு எங்கள் வீட்டு அல்பம் போய்விட்டது. அம்மப்பாவின் முகத்தை அவருடைய அடையாள அட்டைப் படத்தில் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதனால் ஊரில் ஒரு வயதானவரைக் கண்டால் படம் எடுக்காமல் என்னால் போக முடியாது.

கேட்டுவிட்டு எடுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் "ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டே?" என்று கேட்டேன். "பொறு தம்பி, சேலை மாத்திக்கொண்டு வாறன்" என்று போய், திருநீறும் பூசிக்கொண்டு வந்து, கையைக் கீழே விட்டு விறைப்பாக நின்றார். அப்படியே ஒன்று எடுத்துக் காட்டினேன், அவருக்கு வேண்டிய படம் அது. பிறகு கமராவை மடியில் வைத்துக்கொண்டு அவர் நட்ட மாமரத்தைப் பற்றிக் கேட்டேன். விறாந்தை விளிம்பில் இருந்து முருங்கையிலை ஆய்ந்தபடி கதைக்கத் தொடங்கினார், மரத்தைக் காட்ட நிமிர்ந்தபோது எடுத்தேன். 55 எம்எம், எஃப்5.6, 1/125, ஐஎஸ்ஓ 400.

அந்தப் படம் சரிவந்ததற்கு இடம்தான் காரணம். விறாந்தையின் கூரை உச்சி வெயிலைத் தடுக்கிறது, கூட்டிய வெள்ளை மணல் முற்றம் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்புகிறது, கண்ணுக்குள் முற்றமே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டாகத் தெரிகிறது. மாமரத்து நிழல் குளிர்ச்சியாக இருந்தாலும் அதற்குக் கீழே இருத்தாதீர்கள், இலையின் பச்சை முகத்தில் ஏறிவிடும். கமராவோடு சேர்ந்து வரும் 18-55 எம்எம் லென்ஸே காணும்: 55இல் வைத்து, ஆளுக்கு ஐந்தாறு அடியில் நின்று, பின்னால் வேலி இருபது அடியாவது தள்ளி இருக்குமாறு பாருங்கள், தானாக மங்கும். டி40இல் போக்கஸ் புள்ளி மூன்றுதான். நடுப் புள்ளியைக் கிட்ட உள்ள கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அமத்தி, அப்படியே படத்தை அமைத்து எடுங்கள். தனி லென்ஸ் வாங்க விரும்பினால் 35 எம்எம் எஃப்1.8 ஜி நல்லது. மலிவான பழைய 50 எம்எம் டி லென்ஸ் இந்தக் கமராவில் தானாகப் போக்கஸ் ஆகாது, கமராவின் உடலுக்குள் அதைச் சுழற்றும் மோட்டார் இல்லை.

கடைசி வேலை பிரிண்ட். 6க்கு 4 அளவு இந்தப் படங்களுக்கு அப்படியே பொருந்தும், 10க்கு 8 போட்டால் ஓரம் வெட்டுப்படும். ஸ்ரூடியோவில் "முகத்தை வெள்ளையாக்க வேண்டாம், சுருக்கத்தை எடுக்க வேண்டாம்" என்று முதலே சொல்லிவிடுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கும்முன் பின்பக்கத்தில் பெயர், ஊர், திகதி மூன்றையும் மெல்லிய மார்க்கரால் எழுதிக் காயவிடுங்கள், அந்தத் தாளில் பென்சில் பிடிக்காது.