லோட், செலே பள்ளத்தாக்குகளில் முதல் மிதிவண்டிப் பயணம்: பாதையைத் திட்டமிடுவது எப்படி

தென்மேற்குப் பிரான்சில் காஓர், ஃபிஜாக் ஆகிய இரு நகரங்களுக்கு இடையே லோட் ஆறும் அதன் துணையாறான செலேயும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. இரண்டும் கோந்துஷே என்ற இடத்தில் கலக்கின்றன. கெர்சி என்று அழைக்கப்படும் இந்த வட்டாரத்தில் ஆற்றங்கரைச் சாலைகள் பெரும்பாலும் சமமானவை. பள்ளத்தாக்குக்கு வெளியே ஏறும் சாலைகளோ சட்டென்று செங்குத்தாகிவிடும். மலைப்பாங்கான நிலத்தில் ஓட்டிப் பழக விரும்பும் புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்; எப்போது ஏறுவது, எத்தனை முறை ஏறுவது என்பதை இங்கே அவரே தீர்மானிக்கலாம்.

படி 1: கிலோமீட்டரைக் கணக்கிடுமுன் ஏற்றங்களை எண்ணுங்கள்

புதியவர்கள் பொதுவாக 50 கிலோமீட்டர், 80 கிலோமீட்டர் என்று தூரத்தை வைத்தே பாதையை மதிப்பிடுகிறார்கள். ஆற்றோடு செல்லும் 80 கிலோமீட்டர், பள்ளத்தாக்குகளைக் குறுக்கே கடக்கும் 40 கிலோமீட்டரைவிட எளிதாக இருக்கக்கூடும். ஆகவே வரைபடத்தை விரித்ததும், உங்கள் பாதை ஓர் ஆற்றை விட்டு விலகி இன்னோர் ஆற்றை அடையும் இடங்களைத் தேடுங்கள். அப்படிக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு இறக்கமும் உண்டு. முதல் நாளுக்கு ஒரு கடப்பு போதும்.

மிஷ்லின் சாலை வரைபடங்களில் செங்குத்தான சாலைகள் மீது சிறிய அம்புக்குறிகள் இருக்கும்; அவை ஏறும் திசையைக் காட்டுகின்றன. ஓர் அம்பு என்றால் 5 முதல் 9 விழுக்காடு, இரண்டு என்றால் 9 முதல் 13 விழுக்காடு, மூன்று என்றால் அதற்கும் மேல். மூன்று அம்புகள் உள்ள சாலையைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். பச்சைக் கோடு ஒட்டி வரையப்பட்ட சாலைகள் இயற்கைக் காட்சிக்குப் பெயர்பெற்றவை. இந்த இரு ஆறுகளின் ஓரத்திலும் அவற்றைக் காணலாம்.

இன்னும் நுணுக்கமாக அறிய, பிரெஞ்சு அரசின் நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என் வெளியிடும் 1:25,000 வரைபடத்தைப் பாருங்கள். அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். ஏற்றத்தின் அடியிலும் உச்சியிலும் உள்ள உயரங்களைக் குறித்து, அவற்றின் வேறுபாட்டைச் சாலையின் நீளத்தால் வகுத்தால் சராசரிச் சரிவு கிடைத்துவிடும்: 4 கிலோமீட்டரில் 180 மீட்டர் ஏறினால் அது 4.5 விழுக்காடு. ஆனால் சராசரியை மட்டும் நம்பிவிடக் கூடாது. உயரக் கோடுகள் நெருங்கி நிற்கும் இடங்களில் அதே சாலை 8 விழுக்காட்டைத் தொடலாம். மூச்சு வாங்க வைப்பது அந்த அரைக் கிலோமீட்டர்தான்.

படி 2: தொடங்கும் ஊரையும் சுற்றும் திசையையும் முடிவு செய்யுங்கள்

முதல் சுற்றுக்கு லோட் ஆற்றின் கரையிலுள்ள கஜார்க் நல்ல தளம். ஃபிஜாக்கிலிருந்து காஓர் செல்லும் பழைய யாத்திரைப் பாதை இவ்வூர் வழியாகப் போவதால், நடைப்பயணிகளுக்கான எளிய விடுதிகள் இங்கே உண்டு. பாரிஸின் ஓஸ்தெர்லித்ஸ் நிலையத்திலிருந்து காஓருக்கு நேரடி ரயில் இருக்கிறது. பயணச்சீட்டு எடுக்கும்போதே மிதிவண்டிக்கும் இடம் பதிவு செய்துவிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் சுற்று இது: கஜார்க்கிலிருந்து சென்-ஷெல் என்ற சிற்றூர் வழியாக மேட்டுநிலத்தைக் கடந்து, செலே கரையிலுள்ள மார்சியாக்கில் இறங்குங்கள். அங்கிருந்து டி 41 சாலையில் ஆற்றோடு சேர்ந்து காப்ரெரே வழியாகக் கோந்துஷே வரை செல்லுங்கள். பிறகு டி 662 சாலையில் லோட் ஆற்றின் மேல்நோக்கித் திரும்பி, தூர்-த-ஃபோர், லார்னகோல் வழியாக மீண்டும் கஜார்க்கை அடையலாம். மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர், ஒரே ஒரு பெரிய ஏற்றம்.

இதே சுற்றை எதிர்த்திசையிலும் ஓட்டலாம். பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். ஆனால் அப்போது 40 கிலோமீட்டருக்கு மேல் மிதித்துக் களைத்த பிறகு, உச்சி வெயிலில், நிழல் குறைந்த மேட்டுநிலத்தின் மீது ஏற வேண்டியிருக்கும். காலைக் குளிர்ச்சியில் ஏற்றத்தை முடித்துவிட்டு, மீதி நாளை ஆற்றோரத்தில் கழிப்பதே தொடக்கநிலையில் சரியான முறை. கடைசிப் பகுதியில் லோட் ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராகச் சென்றாலும் சாலையின் உயர்வு காலுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது.

படி 3: கியரைச் சரிபாருங்கள்

மிதிக்கட்டையோடு சேர்ந்த முன் பல்சக்கரங்களில் சிறியது 34 பற்களும், பின்சக்கரத்தில் உள்ளவற்றில் பெரியது 32 அல்லது 34 பற்களும் கொண்டிருப்பது நல்லது. முன்னும் பின்னும் 34 என்றால், மிதிக்கட்டை ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரமும் சரியாக ஒரு முறை சுற்றி, வண்டி ஏறக்குறைய 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகம் வரும். 7 விழுக்காடு ஏற்றத்தில் ஒரு புதியவர் நின்றுவிடாமல் ஏற இது போதும். பின்சக்கரத்தில் 25 பற்களே பெரியதாக இருக்கும் பந்தய வண்டியில் அதே ஏற்றம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவிடும் பணத்தை நான் ஒருபோதும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கோடையில் சிறிய சாலைகளுக்குத் தார் தெளித்து அதன்மேல் சிறுகற்களைப் பரப்புவார்கள். ‘கிராவியோன்’ என்ற பலகையைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, வளைவில் சாயாமல் செல்லுங்கள்.

படி 4: நேரத்தையும் தண்ணீரையும் கணக்கிடுங்கள்

சமதளத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுங்கள். 60 கிலோமீட்டருக்கு 3 மணி 20 நிமிடம். சிறு மேடுகளையும் சேர்த்து மொத்த ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இன்னும் ஒரு மணி நேரம். ஓய்வும் உணவும் இதற்கு மேல்.

தண்ணீர் விஷயத்தில் இந்த நிலத்தின் இயல்பை அறிந்திருப்பது அவசியம். சுண்ணாம்புக்கல் மழைநீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பிவிடுகிறது. அதனால்தான் மேட்டுநிலத்தில் ஓடைகள் அரிது, குட்டையான கருவாலி மரங்களும் கற்சுவர்களும் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் கொண்ட செம்மறியாடுகளும்தான் அதிகம். ஆகவே பள்ளத்தாக்கை விட்டு ஏறும் முன் இரண்டு குப்பிகளையும் நிரப்பிக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் கடை இல்லாவிட்டாலும் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். பிரான்சில் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் அனைவரும் அறிந்த வழி இது. குழாயருகே ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது.

நாட்டுப்புறக் கடைகள் நண்பகல் 12 மணிமுதல் 2 மணிவரையிலும், ஞாயிறு பிற்பகலிலும், பல ஊர்களில் திங்களன்றும் மூடியிருக்கும். ரொட்டியையும் பழத்தையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

படி 5: சாலை விதிகளை மனத்தில் நிறுத்துங்கள்

இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்கள் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, பிரான்சில் வலப்புறமாகச் செல்ல வேண்டும் என்பதே. வேறு பலகை இல்லாத சந்திப்புகளில் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. சிற்றூர்த் தெருக்களில் இதை மறப்பது ஆபத்தானது. ஊருக்கு வெளியே உங்களை முந்தும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். ஊருக்கு வெளியே இரவிலும் பார்வை மங்கும் நேரத்திலும் ஒளிரும் மேலாடை கட்டாயம். இலையுதிர்காலக் காலைகளில் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மூடுபனி அடர்ந்து நிற்பதால், விளக்கையும் மேலாடையையும் பகலிலும் எடுத்துச் செல்லுங்கள். ஹெல்மெட் 12 வயதுக்குட்பட்டோருக்கு மட்டுமே சட்டப்படி கட்டாயம் என்றாலும், இந்த இறக்கங்களில் எந்த வயதினரும் அதை அணியாமல் போகக் கூடாது. அவசர உதவிக்கு 112.

படி 6: ஏறுவதும் இறங்குவதும்

கஜார்க்கை விட்டு வெளியேறியதும் ஆறு கீழே விலகத் தொடங்கும். ஏறக்குறைய 200 மீட்டர் உயர வேண்டும். சாலை சாயத் தொடங்கும் முன்பே எளிய கியருக்கு மாறிவிடுங்கள், ஏனெனில் முழு பலத்தோடு மிதிக்கும்போது சங்கிலி எளிதில் மாறாது. பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருந்தால் வேகம் சரி. பேச்சு துண்டுபடத் தொடங்கினால், பெருமை பார்க்காமல் இன்னும் மெதுவாகச் செல்லுங்கள்.

மார்சியாக்கை நோக்கிய இறக்கத்தில் கைகள் கைப்பிடியின் கீழ்வளைவில் இருக்கட்டும். பிரேக்கில் உறுதியான பிடி அங்கேதான் கிடைக்கும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் அவற்றைத் தளர்த்துங்கள். வளைவின் வெளிப்பக்கத்து மிதிக்கட்டையைக் கீழே வைத்து, அதன்மேல் காலை அழுத்தி, சாலை வெளியேறும் திசையைப் பாருங்கள். கண் போகும் பக்கமே வண்டி போகும். இறக்கம் முழுவதும் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வந்தால் அது சூடேறி வலுவிழக்கும்.

மார்சியாக்கில் சிதைந்த பெனடிக்ட் மடாலயத்தின் அருகே அமர்ந்து உண்ணலாம். அதற்கடுத்த டி 41 சாலை பாறைச் சுவரை ஒட்டியே செல்கிறது; சில இடங்களில் பாறை தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மழைக்குப் பின் அங்கே சிறுகற்கள் கிடக்கக்கூடும், ஆகவே ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே ஓட்டுங்கள். காப்ரெரே அருகே, 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட பெஷ் மெர்ல் குகையில் புள்ளியிட்ட குதிரைகளின் பழங்கால ஓவியங்கள் உள்ளன. குகைக்கு ஒரு தனி ஏற்றம் உண்டு, நுழைவுச்சீட்டையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

தூர்-த-ஃபோரில் கால்களில் வலு மீதமிருந்தால், பாலத்தைக் கடந்து, ஆற்றுக்குச் சுமார் 100 மீட்டர் மேலே பாறையில் அமைந்த சென்-சீர்-லபோப்பி ஊருக்கு ஏறலாம். இல்லையெனில் அதைக் கீழிருந்தே பார்த்துவிட்டுச் செல்லுங்கள். ஏற்றத்தை மறுநாளுக்கு ஒதுக்கி, ஃபிஜாக்கிலிருந்து கோந்துஷே வரை செலேயோடு ஓட்டி வரும் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.