கோதுமை இல்லாத பேகல், வீட்டு அவன் (oven) அடுப்பில்

கனடாவில், மொன்றியலின் மைல் எண்ட் பகுதியில் ஒரு பேகல் (வளையம் போன்ற பாண்) கடையில் 11 வருடம் இரவு வேலை செய்தேன். பெரிய மாக் கட்டியிலிருந்து நீளமாக ஒரு துண்டு வெட்டி, உள்ளங்கையால் உருட்டிக் கயிறாக்கி, விரல்களைச் சுற்றி வளைத்து, கிள்ளி, பலகையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் வளையம் மூடிவிடும். பிறகு தேன் கலந்த கொதிதண்ணீரில் போட்டெடுத்து, எள்ளில் புரட்டி, நீளப் பலகையில் வரிசையாக வைத்து விறகு அடுப்புக்குள் தள்ளுவோம். விடிய வேலை முடிந்து வரும்போது கடுதாசிப் பையில் சூட்டோடு நான்கு பேகல் கொண்டுவருவேன். பிள்ளைகள் அதைத் தின்றுதான் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தார்கள்.

2019இல் எனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று தெரிந்தது. சோற்றைக் குறைத்தேன், பாணை விட்டேன், பேகலை மட்டும் விட மனம் வரவில்லை. ஒரு நாள் முழு எள்ளு பேகல் ஒன்றைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். 13.2 (mmol/L) காட்டியது. ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 238 (mg/dL). அதைப் பார்த்துவிட்டு மனைவி, "கோதுமை மா போடாமல் சுடேலாதே? ஒருக்காச் செய்து பாருங்கோவன்" என்றாள். அன்று தொடங்கியதுதான். இப்போது ஞாயிறு தவறாமல் சுடுகிறேன். பாதாம் மாவிலும் சீஸிலும் செய்யும் இந்தப் பேகல் ஒன்றைத் தின்றால் எனக்கு 8 அளவில் நிற்கிறது.

செய்முறைக்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கோதுமை மா பல வேலைகளைத் தானாகவே செய்துவிடும். அதிலுள்ள குளூட்டன் இழுபடும், காற்றைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து கொதிதண்ணீரில் பட்டதும் வெளியே பசை போலத் தடித்து, அடுப்பில் தோலாகிவிடும். பாதாம் மாவில் குளூட்டன் இல்லை, மாவுச்சத்தும் மிகக் குறைவு. ஆகவே அந்த வேலைகளைச் செய்ய ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள் பிடிக்க வேண்டும். இழுவைக்கு உருகிய மொசரெல்லா சீஸ். மெல்லும்போது பல்லுக்குக் கிடைக்கும் அந்தப் பிடிக்கு, ஈரத்தை உறிஞ்சிப் பசையாகும் விதை உமியான இசப்கோல். எழும்ப பேக்கிங் சோடா. தோலுக்கும் நிறத்துக்கும் முட்டை மஞ்சள் கரு. இது விளங்கிவிட்டால், எங்கே பிழைத்தாலும் எந்த ஆள் வேலை செய்யவில்லை என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஆறு பேகலுக்கு நான் எடுக்கும் அளவு இது. தோல் நீக்கி அரைத்த பாதாம் மா 160 கிராம், மொசரெல்லா 250 கிராம், கிரீம் சீஸ் 60 கிராம், மாவுக்குள் இரண்டு முட்டை, மேலே பூச ஒரு மஞ்சள் கரு, இசப்கோல் தூள் ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, கிரீம் ஆஃப் டார்டார் (சோடாவைப் பொங்க வைக்கும் புளிப்புத் தூள்) இரண்டு தேக்கரண்டி, எள்ளு மூன்று மேசைக்கரண்டி. உப்பு போடுவதில்லை. மொன்றியல் பேகல் மாவில் பழைய முறைப்படி உப்புச் சேர்ப்பதில்லை, சீஸில் வேறு உப்பு இருக்கிறது.

கடையில் விற்கும் பேக்கிங் பவுடரை ஏன் விட்டுவிட்டேன் என்றால், பெரும்பாலானவற்றில் சோள மாவு கலந்திருக்கும். தானியமே வேண்டாம் என்று தொடங்கிவிட்டு அதைப் போடுவது சரியில்லை. சோடா ஒரு பங்கு, கிரீம் ஆஃப் டார்டார் இரண்டு பங்கு கலந்தால் அதே வேலை நடக்கும். துருவிப் பையில் அடைத்து விற்கும் சீஸும் அப்படித்தான். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸ் தூளோ தூவியிருப்பார்கள். அது உருகும்போது வழவழப்பு வராது, திரிதிரியாக நிற்கும். முதல் தடவை நான் அதைத்தான் வாங்கினேன். குழைக்கக் குழைக்க மா உதிர்ந்தது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டை மொசரெல்லா வேண்டாம், ஈரம் அதிகம். பீட்சாவுக்குப் போடும் நீர் குறைந்த வகைதான் வேண்டும். கொழுப்புக் குறைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, எண்ணெய் கக்காது.

பாதாம் மாவை வீட்டிலும் அரைக்கலாம். பாதாமைக் கொதிதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்தால் தோல் விரலால் பிதுக்கும்போதே கழன்று வரும். துணியில் பரப்பி ஒரு இரவு முழுக்க உலர விடுங்கள். ஈரம் இருந்தால் மிக்சியில் களியாகிவிடும். அரைக்கும்போதும் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு வெண்ணெய் போல ஆகிவிடும், பிறகு அதை மாவாக்க முடியாது. தோலோடு அரைத்ததிலும் பேகல் வரும், ஆனால் கரகரப்பாக, கபில நிறமாக இருக்கும்.

இனி சூடு. இந்த வேலையில் கைப்பழக்கத்தை விட முக்கியமானது அதுதான். முதலில் பாதாம் மா, இசப்கோல், சோடா, கிரீம் ஆஃப் டார்டார் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கட்டியில்லாமல் கலந்து வையுங்கள். இரண்டு முட்டையையும் வேறு கிண்ணத்தில் அடித்து வையுங்கள். மொசரெல்லாவையும் கிரீம் சீஸையும் சேர்த்து மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சூடாக்கி, எடுத்துக் கிண்டி, மீண்டும் அரை அரை நிமிடமாக வைத்துக் கிண்டுங்கள். மைக்ரோவேவ் இல்லாவிட்டால் கொதிதண்ணீர்ப் பானைக்கு மேல் கிண்ணத்தை வைத்து உருக்கலாம். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டு வர வேண்டும். குமிழி விட்டுக் கொதிக்கும்வரை விடக்கூடாது, எண்ணெய் பிரிந்துவிடும்.

உருகியதைக் காலம் தாழ்த்தாமல் மாக் கலவைக்குள் ஊற்றிக் கிண்டுங்கள். முட்டை அதற்குப் பிறகுதான். சூடான சீஸில் நேரே முட்டையை ஊற்றினால் அங்கங்கே வெந்து கட்டி கட்டியாகிவிடும். மா சேர்ந்ததும் சூடு தணியும், அப்போது ஊற்றினால் வேகாது. முட்டை போட்டவுடன் எல்லாம் பிரிந்து வழுக்கிக்கொண்டு ஓடும். பயப்படாதீர்கள். தொதல் (தேங்காய்ப்பால் அல்வா) கிண்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டம் தெரியும். இது சேராது என்று தோன்றும் நேரத்தில்தான் சேரத் தொடங்கும். கையை ஈரமாக்கிக்கொண்டு மடித்து மடித்து நான்கைந்து நிமிடம் குழையுங்கள். வெள்ளைச் சீஸ் கீற்று எதுவும் தெரியாமல் ஒரே நிறமாக வந்தால் போதும்.

இடையில் மா இறுகி, சீஸ் தனியே இழுபடத் தொடங்கினால் ஆறிவிட்டது என்று அர்த்தம். பலம் கொடுத்துக் குழைத்துப் பயனில்லை. பாத்திரத்தோடு மைக்ரோவேவில் 15 வினாடி வைத்து எடுங்கள், இளகிவிடும். அதற்கு மேல் வைத்தால் முட்டை வேகும். எதிர்ப்பக்கமாக, கையில் பசையாக ஒட்டிக்கொண்டே இருந்தால் மா இன்னும் சூடாக இருக்கிறது. பத்து நிமிடம் மூடி வையுங்கள். அதற்குள் இசப்கோலும் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த நேரத்தில் கூடுதலாகப் பாதாம் மா தூவ ஆசை வரும். தூவினால் பேகல் வரண்டுபோகும்.

மாவை நிறுத்து ஆறாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 95 கிராம் வரும். கண்மதிப்பில் பிரித்தால் சிறியது கருகும், பெரியது நடுவில் வேகாது. உருண்டை பிடித்து, உளுந்து வடைக்குப் போல நடுவில் விரலை விட்டுத் துளை போடலாம், யாருக்கும் வரும். நான் கயிறாக உருட்டித்தான் செய்கிறேன். கட்டைவிரல் தடிப்பில், 20 சென்ரிமீற்றர் நீளத்தில் உருட்டி, இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று இரண்டு விரற்கடை ஏற்றி, சேர்ந்த இடத்தை உள்ளங்கைக்குக் கீழே வைத்து ஒரு தடவை முன்னும் பின்னும் உருட்டுங்கள். கோதுமை மாவைப் போல இது மீண்டு சுருங்காது. ஆனால் வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். துளை நான்கு சென்ரிமீற்றராவது அகலமாக இருக்கட்டும். அவனில் பொங்கும்போது அரைவாசி அடைபட்டுவிடும்.

பேக்கிங் தாள் விரித்த தட்டில் அடுக்கி ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். அந்த நேரத்தில் அவனை 200 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 400 ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்கலாம். குளிர்ந்த மா அடுப்பில் பரவி ஓடாமல் உருவத்தைக் காப்பாற்றும்.

பேகல் என்றால் அவிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த எண்ணம் விடவில்லை. 11 வருடம் தேன் தண்ணீரில் போட்டெடுத்த கை இது. இரண்டாவது தடவை ஒன்றை அவித்துப் பார்த்தேன். மேற்பக்கம் கரைந்து, தண்ணீர் பால் போல வெளுத்து, மீதி வளையம் கரண்டியிலேயே பிய்ந்தது. தடிக்க வேண்டிய மாவுச்சத்து இல்லாத இடத்தில் கொதிதண்ணீருக்கு வேலை இல்லை. அதற்குப் பதில் மஞ்சள் கருவை ஒரு தேக்கரண்டி தண்ணீரில் அடித்து இரண்டு தடவை பூசுங்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது. பிறகு எள்ளைக் கோப்பையில் பரப்பி, பேகலைக் கவிழ்த்து மெல்ல அழுத்தி எடுங்கள். மேலே தூவினால் பாதி உதிர்ந்துவிடும். கசகசாவும் நன்றாக இருக்கும்.

நடுத் தட்டில் 14 முதல் 16 நிமிடம் ஆகும். பத்தாவது நிமிடத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். மேலே பொன்னிறம் வந்தால் மட்டும் போதாது. ஒன்றைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், அதுவும் கபில நிறமாக இருக்க வேண்டும். இசப்கோல் சில வகை உள்ளே ஊதா நிறம் காட்டும். பழுதாகவில்லை, சாப்பிடலாம்.

எடுத்தவுடன் வெட்டாதீர்கள். சூட்டில் உள்ளே சீஸ் இன்னும் இளகித்தான் இருக்கும், முட்டை மணமும் தூக்கலாகத் தெரியும். கம்பித் தட்டில் 20 நிமிடம் ஆறினால் இறுகி, பேகலுக்குரிய அந்தக் கனம் வரும்.

இப்போது கணக்கு. 100 கிராம் கோதுமைப் பேகலில் 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். இதில் ஒன்றுக்கு, நார்ச்சத்தைக் கழித்து, ஏறக்குறைய 5 கிராம்தான். ஆனால் கலோரி குறையாது. ஒன்று 330ஐத் தாண்டும், பாதாமும் சீஸும் கொழுப்பு நிறைந்தவை. நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்சுலினோ, சீனியை இறக்கும் குளிசையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பாதாம் ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் சூரியகாந்தி விதையை அரைத்து அதே அளவு போடலாம். சோடாவோடு சேர்ந்து உள்ளே பச்சை நிறமாகும். அதனால் கெடுதல் இல்லை, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மனைவி கிரீம் சீஸ் தடவி, மேலே இடித்த சம்பல் வைத்துத் தருவாள். எனக்குப் புகைபோட்ட சால்மனும் வெங்காயமும் போதும். மிஞ்சுவதை ஃபிரிட்ஜில் ஐந்து நாள் வைக்கலாம். உறைய வைப்பதென்றால் முதலில் இரண்டாகப் பிளந்து, இடையில் தாள் வைத்துப் பையில் போடுங்கள். உறைந்த பிறகு இதைப் பிளக்க முடியாது. சூடாக்கத் தோசைக்கல்தான் நல்லது. எண்ணெய் வேண்டாம், வெட்டிய பக்கம் கீழே இருக்க மெல்லிய நெருப்பில் மூன்று நிமிடம் வைத்தால், உள்ளிருக்கும் சீஸ் கல்லில் பட்டு மொறுமொறுப்பாக ஒரு ஏடு பிடிக்கும்.