விக்டோரியா காலக் காதல் கதைகளில் மனக் காயம் ஆறுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவனை இழந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் நீலப் பட்டு உடுத்தி லண்டனில் ஒரு நடன விருந்துக்குப் போகிறாள். நான்காம் அத்தியாயத்தில் முத்தம். ஐந்தாம் அத்தியாயத்தில் அவளுடைய துக்கம் காணாமல் போய்விடுகிறது. விக்டோரியா காலக் காதல் கதைகள் மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு. அதனால்தான் இப்படி ஒன்றைப் படித்தால் மனசு கேட்பதில்லை. உடைந்த மனசு மெல்ல மெல்லத் தேறுவதைக் காட்ட அந்தக் காலமே எத்தனையோ வழிகளைத் தருகிறது. அவற்றை எடுத்துக்கொள்ளாமல் முத்தத்தை மருந்தாக்கிவிடுவதுதான் நான் பார்க்கிற முதல் தவறு.

துக்க உடையையே எடுத்துக்கொள்வோம். வசதியான வீட்டு விதவை முதல் ஒரு வருஷமும் ஒரு நாளும் கிரேப் வைத்துத் தைத்த கறுப்பு உடையில் இருப்பாள். கிரேப் என்பது சுருக்கம் விழுந்த, பளபளப்பே இல்லாத பட்டு. மழையில் நனைந்தால் பாழாகிவிடும். நகை என்றால் இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிடைக்கும் ஜெட் என்ற கறுப்புக் கல்தான். அப்புறம் கிரேப் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கடைசிக் கட்டத்தில் சாம்பல் நிறம், இளம் ஊதா எல்லாம் வரும். எல்லாம் முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். ஏழை வீடுகளில் இருக்கிற உடையையே கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். மனைவியை இழந்தவனுக்கு இத்தனை கட்டுப்பாடு கிடையாது. தொப்பியில் ஒரு கறுப்புப் பட்டியோடு வேலைக்குப் போய்விடுவான். விக்டோரியா அரசியோ 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு, 1901இல் தான் இறக்கும்வரை கறுப்பை விடவே இல்லை.

இதைக் கதைக்குத் தடையாக நினைக்காதீர்கள், எழுதுகிறவருக்கு இது வரம். ஒரு காலை உணவு மேசையை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை வருஷமாகக் கறுப்பிலேயே பார்த்த பெண் அன்று மணிக்கட்டில் இளம் ஊதா ரிப்பன் வைத்த உடையில் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். எதிரே இருப்பவன் பார்க்கிறான், ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைக்கிறான். அவன் பார்த்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிகிறது. கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறாள். அன்று மாலை மறுபடியும் முழுக் கறுப்பில் வருகிறாள். அந்த மாலை உடையை எழுதாமல் விடாதீர்கள்.

அடுத்து, ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டன் சண்டையிட்ட கிரிமியப் போரிலிருந்து திரும்பிய நாயகன். 1854–55 குளிர்காலத்தில் செவஸ்டபோல் முற்றுகையில் கிடந்தவன் நள்ளிரவில் அலறி எழுகிறான், சரி. ஆனால் டாக்டர் வந்து இன்றைய மனநல மருத்துவர் பேசுவதைப் பேச முடியாது. போர் அதிர்ச்சியில் மனம் கலங்குவதைக் குறிக்கும் ஷெல் ஷாக் என்ற சொல்லே மருத்துவ இதழில் வந்தது 1915இல்தான். நரம்புத் தளர்ச்சி என்பார், மெலங்கோலியா, அதாவது தீராத மனச்சோர்வு, என்பார், கடற்கரை ஊரில் போய் இருக்கச் சொல்வார், லாடனம் தருவார். மதுவில் கரைத்த அபின் அது. 1868இல் சட்டம் வரும்வரை சாதாரணக் கடையிலும் கிடைத்தது. நாயகி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டதும் புட்டியை நெருப்பில் எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனான் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அபினுக்குப் பழகிய உடம்பு அதை விட்டால் வியர்த்துக் கொட்டும், வயிறு பிசையும், தூக்கம் நாள்கணக்கில் வராது. அவளிடமே எரிந்து விழுவான். தன் மனசைத் தானே அலசிப் பேசும் வசனமும் அவன் வாயில் ஒட்டாது. நண்பன் செத்ததைச் சொல்ல முடியாதவன், தீனி இல்லாமல் செத்துப்போன தன் குதிரையைப் பற்றிச் சொல்லட்டும்.

கொடுமைக்காரக் கணவனை விட்டு வந்த பெண்ணைப் பற்றி எழுதுகிறவர்கள் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1857 விவாகரத்துச் சட்டத்துக்கு முன் இங்கிலாந்தில் மறுமணம் செய்யும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். அதற்குப் பிறகும் கணவன் மனைவியின் தகாத உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ கணவனின் தகாத உறவோடு கொடுமை, கைவிட்டது போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 1870 வரை அவள் உழைத்துச் சம்பாதித்த காசுகூட அவனுடையது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்கும் உரிமையே 1839இல்தான் வந்தது. ஆகவே அவள் பயப்படுவது பழைய நினைவுக்காக மட்டும் இல்லை. நாளைக் காலை வாசலில் வண்டி வந்து நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். “என்னை நம்பு” என்கிற நாயகனைவிட, நல்ல வக்கீலின் முகவரியோடு வருகிறவன் மேல்தான் அவளுக்கு மனம் இளகும்.

சின்னச் சின்னதாக இன்னும் இரண்டு. இறந்த மனைவியின் தங்கையை மணப்பது 1835 முதல் 1907 வரை செல்லாது. 1886 வரை கல்யாணம் நண்பகலுக்குள் முடிய வேண்டும், அந்தி நேரத்துத் தேவாலயக் கல்யாணத்தை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். முதல் சந்திப்பிலேயே நாயகன் அவளை ‘நீ’ என்கிறான். அந்தக் காலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடவே உரிமை கிடைத்திருக்க வேண்டும். அதன் எடையை நம் ‘நீங்கள்’ அழகாகத் தாங்கும். 1840இல் ஒரு பென்னி காசுக்குக் கடிதம் அனுப்பும் தபால் வந்துவிட்டது, லண்டனுக்குள் காலையில் போட்ட கடிதத்துக்கு அன்றைக்கே பதில் வந்துவிடும். எத்தனையோ கடிதங்களில் ‘நீங்கள்’ என்றே எழுதியவன் ஒன்றில் மட்டும் ‘நீ’ என்று எழுதி, அடித்து, மேலே திருத்தியிருக்கட்டும். மற்றதையெல்லாம் எரித்தாலும் அந்த ஒரு கடிதத்தை அவள் தையல் பெட்டியின் அடியில் வைத்திருப்பாள்.